ஆயுள் கணக்கில் விடுபட்டுப்போகும் இன்னோர் எண்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியர்களின் சராசரி ஆயுட்காலம் 75 வயதைத் தொட்டுவிட்டதென்று தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். அன்று காலை, பட்டர்வொர்த்தில் நான் வழக்கமாகப் பசியாறும் கடையில், அந்தப் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு என் வயதொத்த நால்வர் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு 74. அப்படியென்றால் அடுத்த வருஷம் மூட்டை கட்ட வேண்டியதுதானா?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள், சிரிப்பில் கொஞ்சம் கலக்கமும் இருந்தது. செய்தியில் ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் அந்தக் கலக்கத்துக்கு இடமிருந்திருக்காது. இன்றைய இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டுகள் வாழும் என்பதே அந்த எண்ணின் பொருள். கைக்குழந்தையாகவும் இளைஞராகவும் நடுவயதிலும் இறந்துபோகிறவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. அந்த வயதுகளையெல்லாம் கடந்து அறுபதை எட்டிவிட்ட ஒருவருக்கு மேலும் ஏறத்தாழ 18 முதல் 20 ஆண்டுகள் எதிர்பார்க்கலாம்.

எனினும், இந்தக் கடிதத்தை நான் எழுதத் தூண்டியது அந்தத் தப்புக்கணக்கு அன்று. ஆயுட்காலத்தைப் பற்றிய செய்திகளில் ஓர் எண் மட்டுமே தொடர்ந்து அச்சாகிறது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய இன்னோர் எண், அதாவது உடல் முடங்காமல், நலமாக வாழும் ஆண்டுகள் எத்தனை என்ற எண், பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. எப்போதாவது அது வெளிவந்தாலும் தவறான முறையில் படிக்கப்படுகிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். 1970களின் நடுப்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்தேன்; தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பின்னர், பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். நான் மருத்துவன் அல்லன், புள்ளிவிவர வல்லுநனும் அல்லன். ஆனால் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் காயம் கட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2019ஆம் ஆண்டில் மலேசியாவில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 74.7 ஆண்டுகள், நலமான ஆயுள் 65.7 ஆண்டுகள். இடைவெளி 9 ஆண்டுகள். இந்த ஒன்பதை எடுத்துக்கொண்டு மேடைகளில் பேசுகிறவர்கள், "மலேசியர்கள் தங்கள் கடைசி ஒன்பது ஆண்டுகளைப் படுக்கையில் கழிக்கிறார்கள்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதே ஆண்டின் மற்ற நாட்டு எண்களையும் பார்த்தால் அந்தப் பேச்சு எங்கே சறுக்குகிறது என்பது தெரியும். ஜப்பானில் ஆயுள் 84.3, நலமான ஆயுள் 74.1, இடைவெளி 10.2. சிங்கப்பூரில் 83.2, 73.6, இடைவெளி 9.6. உலகச் சராசரி 73.3, 63.7, அங்கும் இடைவெளி 9.6. ஆக, நீண்ட காலம் வாழ்வதில் உலகுக்கே முன்னால் நிற்கும் ஜப்பானியர்களுக்குக் கிடைக்கும் நோயுற்ற ஆண்டுகள் நம்முடையதைவிடக் குறைவல்ல, சற்று அதிகம். வேறுபாடு இடைவெளியின் நீளத்தில் இல்லை. நலமான ஆண்டுகளின் மொத்தத்தில் இருக்கிறது. அவர்களுக்கு நலமான ஆண்டுகள் 74. நமக்கு 66கூட இல்லை. நம் உறவினர்கள் வேலைக்குப் போய்வரும் அக்கரைச் சிங்கப்பூருக்கும் நமக்கும் நலமான ஆயுளில் எட்டாண்டு வித்தியாசம் என்பதே பேச வேண்டிய செய்தி. ஆகவே ஒன்பது என்ற கழித்தல் விடையை விட்டுவிட்டு, 65.7 என்ற எண்ணையே தாங்கள் அச்சிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பது தெரிந்தால்தான் "கடைசி ஒன்பது ஆண்டுகள்" என்ற பேச்சு ஏன் பிழை என்பதும் விளங்கும். அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளிவிவர மையத்தில் பணியாற்றிய டேனியல் சல்லிவன் 1971இல் வெளியிட்ட முறை மிக எளிமையானது. தோட்டக் கிராணிகள் கணக்குப் புத்தகத்தில் போட்டுவிடக்கூடிய அளவுக்கு எளிமையானது. ஒரே நேரத்தில் பிறந்த 100,000 குழந்தைகளைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களில் 80,000 பேர் 60 வயதைத் தாண்டி, 60க்கும் 65க்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளை முழுமையாக வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த வயதுப் பிரிவில் அவர்கள் எல்லாருமாக வாழும் காலம் 400,000 ஆண்டுகள். அதே வயதினரிடம் வீடு வீடாகச் சென்று ஆய்வு நடத்தியதில் நூற்றுக்கு 20 பேர் அன்றாடச் செயல்களில் தடை இருப்பதாகச் சொன்னால், 400,000இல் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 320,000 என்று எழுதிக்கொள்ள வேண்டும். பிறந்த நாள் தொடங்கி மூத்த வயது வரை எல்லாப் பிரிவுகளுக்கும் இப்படிக் கழித்து, எஞ்சியதைக் கூட்டி, 100,000ஆல் வகுத்தால் தடையின்றி வாழும் ஆண்டுகள் கிடைத்துவிடும். இதில் கழிவு எல்லா வயதிலும் நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாத குழந்தையின் ஆண்டுகளும், இருபது வயதில் மோட்டார் விபத்தில் முதுகெலும்பு முறிந்த இளைஞனின் ஆண்டுகளும், நாற்பதில் பார்வை மங்கத் தொடங்கிய லோரி ஓட்டுநரின் ஆண்டுகளும் அந்த ஒன்பதுக்குள்தான் இருக்கின்றன. அது கிழவர்களின் படுக்கைக் கணக்கு என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் இதே அடிப்படையில் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. தடை உண்டா இல்லையா என்று கேட்டு நின்றுவிடாமல், ஒவ்வொரு நோய்க்கும் குறைபாட்டுக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை ஓர் எடை கொடுக்கப்படுகிறது. பூஜ்யம் முழு நலம், ஒன்று மரணத்துக்குச் சமம். உலக நோய்ச்சுமை ஆய்வின் எடைப்பட்டியலில் டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கு 0.571 என்று போடப்பட்டிருக்கிறது. அதாவது, வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஒருவரின் ஓராண்டு, நலக்கணக்கில் அரையாண்டாகக்கூட வரவு வைக்கப்படுவதில்லை. இந்தப் பட்டியலில் என் மனத்தை மிகவும் தொட்ட வரி வேறொன்று. ஒரு கால் வெட்டப்பட்டு, செயற்கைக் காலும் பயிற்சியும் கிடைத்தவருக்கு எடை 0.039, அவை கிடைக்காதவருக்கு 0.173. ஒரே வெட்டு, ஒரே கால். ஆனால் செயற்கைக் கால் ஒன்று இல்லாததால் இழப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஊனம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு உடம்பிலிருந்து வருகிறது, எவ்வளவு நம் கைவிடுதலிலிருந்து வருகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இங்கே பத்திரிகையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஆண்டுதோறும் வெளியிடும் எண் வேறு வகையைச் சேர்ந்தது. கடந்த ஆறு மாதமோ அதற்கு மேலோ, உடல்நலக் குறைவினால், மற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியங்களைச் செய்வதில் உங்களுக்குத் தடை இருந்ததா என்று அங்கே மக்களிடமே கேட்கிறார்கள். சிறிய தடை என்று சொன்னவரையும் முழுவதுமாகக் கழித்துவிடுகிறார்கள். அதனால் 2022இல் அங்கே நலமான ஆண்டுகள் 62.6 என்றுதான் வந்தது. இதையும் நம் 65.7ஐயும் அடுத்தடுத்து அச்சிட்டால், ஐரோப்பியர்களைவிட நாம் நலமாக இருக்கிறோம் என்ற வேடிக்கையான தலைப்புக்கு வழி பிறந்துவிடும். ஒரே தராசில் நிறுத்தவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

நம் நாட்டிலேயே முதியோரைப் பற்றி நடத்தப்பட்ட 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 60 வயதைத் தாண்டியவர்களில் 17 விழுக்காட்டினருக்கு அடிப்படைச் செயல்களில் தடை இருப்பதாகச் சொன்னது. அடிப்படைச் செயல்கள் என்பவை குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே உண்பது போன்றவை. இதற்கு மேல், கடைக்குப் போவது, சமைப்பது, மருந்தை நேரம் பார்த்து எடுப்பது, பணத்தைக் கையாள்வது, தனியே பயணம் செய்வது போன்ற சற்றுச் சிக்கலான செயல்களில் பிறரைச் சார்ந்திருப்போர் 42.9 விழுக்காடு. இந்த இரண்டாம் எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்க விரும்பவில்லை. பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட அடுப்பைப் பற்ற வைக்காத நம் ஆண்களிடம் "உங்களால் சமைக்க முடிகிறதா" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவருக்கு முடியாதது எழுபதிலா, இருபதிலா என்பதைக் கேள்வித்தாள் எப்படிப் பிரித்தறியும்? பெண்கள் விஷயத்தில் நடப்பது நேர்மாறு. முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாட்டியிடம் "உங்களுக்கு நடப்பதில் சிரமம் உண்டா" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயா, வயசாகுது" என்பார். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று இந்தப் பதிலை நான் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பேனோ தெரியாது. பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் ஆண்டுகளில் பெரும்பகுதி தடையோடு கழிகிறது என்பது பல நாடுகளிலும் காணப்பட்ட உண்மை. நம் பெண்கள் மறைப்பதையும் சேர்த்தால் அது இன்னும் மோசமாகவே இருக்கும்.

பினாங்குத் தமிழர்களுக்குக் கேள்வித்தாளைவிட நேர்மையான ஓர் அளவுகோல் இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு. 2012இல் குடமுழுக்குக் கண்ட தண்ணீர்மலைப் புதிய கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று எந்த ஆண்டு வரை மேலே ஏறினோம், எந்த ஆண்டு பாதியில் உட்கார்ந்தோம், எந்த ஆண்டு முதல் அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். இதில் யாரும் பொய் சொல்வதில்லை. என் வீட்டில் எனக்கு இன்னும் ஏற முடிகிறது. என் மனைவி 61 வயதில் நிறுத்திக்கொண்டார். என் தலைமுறைத் தோட்டத்துத் தோழர்களில் பலர் ஐம்பதுகளிலேயே கீழே நின்றுவிட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தத் தோழர்களின் கதை இந்தியச் சமுதாயத்தின் ஆயுள் கணக்கே. சுதந்திரம் கிடைத்த 1957இல் தீபகற்பத்தில் ஆண்களின் ஆயுட்காலம் ஏறத்தாழ 56, பெண்களுடையது 58. தோட்டத்தில் என் முன்னோடிகள் கண்ட மரணங்கள் மலேரியா, காசநோய், கொக்கிப்புழுவால் வந்த இரத்தச்சோகை, பிரசவம் ஆகியவற்றால் நேர்ந்தவை. விடிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கான ஆள்கணக்கெடுப்புக்கு) வராதவர்களின் பெயர்கள் சிக் லிஸ்டில் ஏறும், சிலர் குணமாகித் திரும்புவார்கள், சிலர் திரும்பமாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த நோய்கள் பெருமளவு பின்வாங்கிவிட்டன. விடியும் முன்பே எழுந்து நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சீவி, பால் வாளிகளைத் தோளில் சுமந்து நடந்த உடம்புகளில் இனிப்புநீர் (நீரிழிவு) அபூர்வமாகவே இருந்தது, அல்லது பரிசோதிக்காததால் எங்கள் கண்ணில் படவில்லை. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நடந்து வாழ்ந்தவர்கள் அடுக்குமாடிப் பிளாட்டுகளுக்கு வந்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்காரும் காவலாளி வேலை, லோரி ஓட்டுவது, தொழிற்சாலை ஷிப்டு என்று பிழைப்பு மாறியது. தோட்டத்து உழைப்புக்கு ஈடுகொடுத்த அதே சோறும், சுண்டிய பாலூற்றிய அதே தேநீரும் மட்டும் மாறவில்லை. அரசாங்கம் 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதித்து, பின்னர் அதை 90 சென்னாக உயர்த்தியிருக்கிறது. கடையில் நம் கண்முன் கலக்கப்படும் தே தாரேக்கு அந்த வரி கிடையாது.

2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இந்தியர்களுக்கு மட்டும் அது 31.4 விழுக்காடு. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டின் ஆய்வில் தேசிய எண் 15.6ஆக இறங்கியிருந்தாலும், நோய் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. புள்ளிவிவரத் துறை இனவாரியாக வெளியிடும் ஆயுள் அட்டவணைகளில் சீனர்கள் முன்னாலும், இந்தியர்கள், குறிப்பாக இந்திய ஆண்கள், பின்னாலும் இருப்பது பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. ஆயுளிலேயே பின்தங்கியவர்கள், இனிப்புநீரில் முன்னால் நிற்கிறார்கள் என்றால், அவர்களுடைய நலமான ஆண்டுகள் 65.7ஐ எட்டாது என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இனிப்புநீர் உயிரை எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்பைத் தவணை முறையில் எடுத்துக்கொள்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை நான் கண்ட வகையில் சொல்கிறேன். சர்க்கரை அளவு பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. சின்ன இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. செருப்புக்குள் கிடந்த கல் குத்தியது தெரிவதில்லை. வலி இல்லாததால் புண்ணைப் பார்ப்பதில்லை. மாலையில் காலுறையில் ஈரம் தெரிந்த பிறகுதான் மனைவி கேட்பார். மஞ்சள் பத்துப் போட்டு ஒரு வாரம், கடையில் வாங்கிய களிம்பில் ஒரு வாரம். இரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறாது; கிருமி எலும்புக்கு இறங்கிவிடும். முதலில் ஒரு விரல் போகும், பிறகு முன்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. தொழிற்சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு போர்க்லிப்ட் ஓட்டுநர் இந்த மூன்று படிகளையும் பதினான்கு மாதங்களில் கடந்தார். அப்போது அவருக்கு 49 வயது. மூத்த மகள் இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் 66 வரை உயிரோடிருந்தார். ஆயுள் அட்டவணையில் அவர் 66 ஆண்டு வரவு. செயற்கைக் கால் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பிறகே கிடைத்தது. எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கக் கூச்சப்பட்டார். அந்த ஆறு ஆண்டுகள் அவர் மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஏனென்றால் அந்தப் பிளாட்டில் லிப்ட் ஓடிய நாள்கள் குறைவு. முன்பு சொன்ன 0.039க்கும் 0.173க்கும் இடையிலுள்ள தூரத்தை நான் அந்த வீட்டில்தான் பார்த்தேன்.

இதே நோய் கண்ணில் விழித்திரையையும், சிறுநீரகத்தில் வடிகட்டியையும் அரிக்கிறது. நாட்டில் இப்போது 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் அதிகமானவர்களுக்கு மூலகாரணம் இனிப்புநீர்.

டயாலிசிஸைப் பற்றிப் பேசும்போது ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிறுநீரகம் செயலிழந்த தோட்டத் தொழிலாளிக்கு இயந்திரம் எட்டாக்கனி. சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். அவருடைய ஆயுளில் நோயுற்ற ஆண்டு என்று எழுத எதுவும் இருக்காது. இன்று அவர் பத்தாண்டுகூட வாழக்கூடும், அந்தப் பத்தாண்டும் நோயுற்ற கணக்கில் ஏறுகிறது. மருத்துவத்தின் வெற்றியே புள்ளிவிவரத்தில் தோல்விபோலத் தெரியும் விசித்திரம் இது. 1977இல் எர்னஸ்ட் குரூன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் வெற்றியின் தோல்விகள் என்று குறிப்பிட்டார். உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்ட வேகத்தில் நோயைத் தடுக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் கூடுதல் ஆண்டுகளெல்லாம் நோயின் ஆண்டுகளாகவே சேரும் என்பது அவர் கருத்து. மூன்றாண்டு கழித்து, 1980இல், ஜேம்ஸ் பிரீஸ் என்ற மருத்துவர் மாற்றுக் கருத்தை முன்வைத்தார்: நாள்பட்ட நோய் தொடங்கும் வயதைத் தள்ளிப்போட முடிந்தால், முடக்கம் வாழ்வின் இறுதியில் குறுகிய காலத்துக்குள் அடங்கிவிடும். "நடமாடிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், யாருக்கும் பாரமாகக் கிடக்கக் கூடாது" என்று நம் கிழவிகள் முருகனிடம் கேட்பது இதைத்தான். இருவரில் யார் சொன்னது சரி என்று உலக ஆய்வுகள் இன்னும் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் நடக்க வாய்ப்புண்டு என்பதும், எது நடக்கும் என்பது நோய் எந்த வயதில் பிடிபடுகிறது என்பதைப் பொறுத்தது என்பதும் என் அனுபவம்.

பிடிபடுவதற்கு வழியில்லாமலும் இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்தால் குடிமகனுக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் கிடைக்கும். 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் பதிவுபெற்ற தனியார் கிளினிக்கிலேயே இலவசமாக முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். செயற்கை மூட்டு, இதயக் குழாய்க்கான ஸ்டெண்ட் போன்ற மருத்துவச் சாதனங்களுக்கும் உதவி உண்டு. சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) சந்தா கட்டியவர்களுக்குச் செயற்கை உறுப்பும் மறுவாழ்வுப் பயிற்சியும் கிடைக்கும். அதற்கென்றே மலாக்காவில் 2014இல் ஒரு பெரிய மையம் திறக்கப்பட்டது. சமூகநல இலாகா உடற்பேறு குறைந்தோருக்கு அட்டை கொடுக்கிறது. இவ்வளவும் இருந்தும் நம்மவர்கள் போகாததற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் தங்கள் நாளிதழிலேயே எழுதியிருக்கிறார்கள். நாள்கூலிக்காரர் கிளினிக்கில் ஒரு காலை உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். அதோடு, இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும் உண்டு. காவலாளி வேலைக்குக் கால்வலியை மறைத்தவர்களை நான் பெயர் சொல்லிக் காட்ட முடியும். சோம்பல் என்ற சொல்லை அவர்களுக்குப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

இனி, தங்கள் வாசகர்களில் சங்கங்களையும் ஆலயங்களையும் நடத்துகிறவர்கள் பலர் என்பதால் அவர்களை நோக்கி ஒன்று சொல்கிறேன். நம் ஆலயங்களிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) சங்கங்களிலும் மரண சகாய நிதி என்று ஒன்று உண்டு. உறுப்பினர் மாதச் சந்தா கட்டுவார். வீட்டில் இறப்பு நேர்ந்தால், அன்றைக்கே கூடாரமும் நாற்காலியும் வந்துவிடும், ரொக்கமும் கைக்கு வரும். ஏழைக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு அது. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒருவர் இறந்த மறுநாள் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை அவர் உயிரோடிருந்தபோது கொடுத்திருந்தால், குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடிகளும், ஈரத்தில் வழுக்காத ஒரு நாற்காலியும் போட்டிருக்கலாம். முதியவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் இடங்களில் குளியலறை முக்கியமானது; அந்த முறிவுக்குப் பிறகு பலர் பழையபடி நடப்பதில்லை. மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, இனிப்புநீர்க்காரருக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பு, செயற்கைக் காலுக்கு விண்ணப்பிக்க ஒருவரோடு கூடப் போகிறவரின் போக்குவரத்துச் செலவு ஆகியவை எல்லாமே இதில் அடங்கக்கூடியவை. எடைப்பட்டியலின் மொழியில் சொன்னால், இவை ஒவ்வொன்றும் 0.173ஐ 0.039ஆக்கும் காரியங்கள்.

தாங்கள் செய்யக்கூடியது இன்னும் சிறியது. ஆயுட்காலச் செய்தி வரும்போதெல்லாம் நலமான ஆயுளையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். அது யார் போட்ட கணக்கு, எந்த ஆண்டுக்குரியது என்று ஒரு வரி சேருங்கள். நாடாளுமன்றத்திலும் பினாங்குச் சட்டமன்றத்திலும் இருக்கும் நம் உறுப்பினர்களை நேர்காணும்போது, ஆயுளுக்கு இனவாரியாகக் கணக்கு வெளியிடும் நாட்டில், நலமான ஆயுளுக்கும் இனவாரியாக, வருமானவாரியாக, மாவட்டவாரியாக ஒரு கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும்படி கேட்பார்களா என்று விசாரியுங்கள். ஜார்ஜ் டவுனின் ஐந்தடி நடைபாதைகளில் மோட்டார்களும் பூச்சட்டிகளும் படிக்கட்டுகளுமாகக் கிடக்க, அவற்றைக் கடக்க முடியாத ஒரு முதியவரின் முழங்காலை மட்டும் ஆய்வில் குறைபாடு என்று எழுதிக்கொள்வது முறையா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.

எங்கள் தாமான் ஆலயத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கிறது. மரண சகாய நிதியில் பத்தில் ஒரு பங்கை உயிரோடிருப்பவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் எழுத்து மூலம் முன்மொழிந்திருக்கிறேன். நிதியின் பெயரை மாற்றாமல் அதைச் செய்ய முடியுமா என்று பொருளாளர் தயங்குகிறார். செயலாளரோ, எத்தனை வீடுகளில் குளியலறைக் கைப்பிடி தேவைப்படும் என்று கணக்குக் கேட்டிருக்கிறார். இரண்டு வாரமாக மாலை வேளைகளில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை 43 வீடுகள் முடிந்திருக்கின்றன. கேள்வியைக் கேட்டுவிட்டு, குளியலறைக்குள் போய் நானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதிலை எழுதிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு